சாயுதா, சாஞ்சிடுச்சா?

ஒரு கதையை அப்படியே படமாக எடுத்துத் தாருங்கள் என்று எல்லோரும் கேட்கிறார்களே, அது எந்தக் கதை? அதை உருவாக்கியவர் மனதில் இருந்த கதையா, அல்லது கடல் தாண்டி வந்து காஞ்சிபுரத்தில் ஒரு கடையின் பின்னறையில் பிள்ளைகள் தாங்களாகப் புரிந்துகொண்ட கதையா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. பதில் தெரியாமலேயே கார்ட்டூன்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதிச் சம்பளம் வாங்கினேன். மனசாட்சி உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. சம்பளமும் வந்தது.

ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவசாலிகள் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என்னை அனுபவசாலி என்று சொன்னதில் என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. ஆனால் நம் தொழிலில் வேலையை விட்டு இரண்டு வருடமானவர் மூத்தவர், ஐந்து வருடமானவர் காலமானவர். மூத்தவளாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உதட்டசைவுக்கு எழுத்தை எண்ணுவது, மூச்சு விடும் இடத்தில் கோடு போடுவது, இதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்கு ஒரே வாரத்தில் யாராவது கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கற்றுக்கொடுக்க முடியாத சிலவற்றில்தான் நான் தேர்ந்தவள். அதாவது, அவற்றில்தான் அதிகம் தடுமாறினேன்.

முதல் தடுமாற்றம் தோசை. ஒரு கார்ட்டூனில் கரடிக் குடும்பம் காலையில் வட்டமாக, தடிமனாக எதையோ சாப்பிட்டது. அந்தப் பண்டத்தை நான் பார்த்ததும் இல்லை, தின்றதும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று பெரிய மனதோடு 'தோசை' என்று எழுதினேன். ஒளிபரப்பான மறுவாரம் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் பிள்ளைகள் தோசைமேல் தேனை ஊற்றி, அதன்மேல் வெண்ணெயை வைத்து, பாதியில் வாயிலெடுத்திருந்தார்கள். அந்தத் தாய்மார்களிடம் நான் எழுதிய வசனம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கடமை உணர்ச்சி உள்ளவள் என்பதால் எங்கள் மேடத்திடம் மட்டும் சொன்னேன்.

மேடம் என்றால் எங்கள் வசனப் பிரிவின் தலைவி. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். போடாவிட்டாலும் கோபித்துக்கொள்வார். போடாமல் வாங்கும் திட்டு கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நம்புகிறேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் சொன்னார்:

"படமே சாட்சி சொல்லிக்கினு கீது. அதும் முன்னால நின்னுக்கினு நீ ஏம்மா பொய் சொல்ற? தட்டுல தேன் ஊத்தறான்னு கொழந்த பாக்குது இல்ல? வாய் தெரியாத எடம், முதுக காட்டற எடம், இருட்டு, அதான் நம்ம எடம். அங்க இன்னா வேணா எழுதிக்கோ."

இந்தத் தொழிலில் நான் கற்றது மொத்தமும் இவ்வளவுதான். பிறகு ஏன் அதை மறந்தேன் என்பதைத்தான் மீதிப் பக்கங்களில் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஆந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் பூக்கடைச்சத்திரம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் டி.வி. கேம் வைத்திருந்தார்கள். என் தம்பி பாலு அப்போது பள்ளிக்கூடப் பையன். பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேதான் இருப்பான். அவனை இழுத்துவர வீட்டில் என்னை அனுப்புவார்கள். நான் காலேஜ் படிக்கும் பொறுப்பான பெண். போய், இழுத்துவராமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஆளாக விளையாடிவிட்டு வருவேன். 

விளையாட்டு இதுதான்: பறக்கத் தெரியாத ஒரு குட்டி ஆந்தை, தன்னைவிடப் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு கோபுரம் கோபுரமாக மிதந்து போகும். தெம்பு குறையக் குறையக் குடை ஒரு பக்கமாகச் சரியும். அப்போது இரண்டாவது ஆள் தன் ஆந்தையைக் கொண்டுவந்து குடைக்கம்பைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் இரண்டும் கொஞ்ச நேரம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் கிளம்பும். பிடிக்காவிட்டால் போச்சு. அதன் நிஜப் பெயர் ஜப்பான்காரர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அது ஆந்தை கேம்.

குடை சரியும்போது பாலு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்துவான்: "அக்கா, குடை சாயுது!"

கடையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கத்துவார்கள். காரணம், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கருட சேவைக் குடைதான். பெருமாள் வீதிக்கு வரும்போது கூடவே ஆளுயரத்துக்கு மேல் பெரிய குடைகள் வரும். காற்றடித்துக் குடை ஒரு பக்கம் சரிந்தால் கூட்டத்தில் யாராவது 'குடை சாயுது' என்று குரல் கொடுப்பார்கள். அதற்கு ஓடிவந்து பிடி என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கை கொடுப்பார். குடை நிமிரும். பிடித்தவரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார், பிடிக்கச் சொன்னவரும் வெட்கப்பட மாட்டார்.

மற்ற ஊர்களில் குடை சாய்ந்தது என்றால் லாரி கவிழ்ந்தது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் பேப்பர் படிப்பவள்தான். ஆனால் இரண்டும் ஒரே சொல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வருடங்கள் கழித்து அந்த ஆந்தை கார்ட்டூனாகி, நம் ஸ்டுடியோவுக்கே, என் மேஜைக்கே வந்தது. விதி என்று சொல்லலாம். வேறு யாரும் அதை எழுத ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொல்லலாம். குடை சரியும் இடத்தில் குட்டி ஆந்தை தன் மொழியில் சின்னதாக ஒரு சத்தம் போடும். நான் யோசிக்காமல் 'குடை சாயுது' என்று எழுதினேன். மேடம் படித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, லாரி கவுந்தா மாதிரி?"

"சாயுதுன்னுதானே மேடம் போட்டிருக்கேன். சாஞ்சிடுச்சுன்னா லாரி. சாயுதுன்னா இன்னும் டைம் இருக்குது, வந்து புடிச்சுக்கலாம்."

"அது உங்க ஊர்ல."

"எல்லாருக்கும் புரியும் மேடம்."

"எல்லாரும் உங்க ஊரா?" என்று கேட்டுவிட்டுக் காட்சியை ஓட்டினார். அலகு திறந்தது, மூடியது, திறந்தது. 'குடை' ஒன்று, 'சாயுது' ஒன்று. ஆந்தைக்கு உதடு கிடையாது என்பது நம் தொழிலுக்குக் கிடைத்த அரிய சலுகை. "பொருந்திக்கினு போவுது, வுட்டுத் தொலை" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

கார்ட்டூன் பிடித்துக்கொண்டது. எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் எல்லாம் 'குடை சாயுது' என்றார்கள். நானும் பெருமைப்பட்டேன். அவர்கள் அதை என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று விசாரிக்கத்தான் தோன்றவில்லை.

இதற்கிடையில் என் மகன் ஹரி பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசாமல் இருந்தான். மூன்று வயது தாண்டியும் பேச்சில்லை. அம்மாவுக்கு வசனம் எழுதுவது வேலை, பிள்ளைக்கு வாய் திறக்கவில்லை என்று உறவில் ஒருவர் சொல்லிச் சிரித்தார். நல்ல நகைச்சுவைதான், அன்று எனக்குத்தான் சிரிக்க நேரமில்லை. நாக்கில் வசம்பு தடவு, கோயில் மணிக்குக் கீழே நிற்க வை, கூட ஒரு பிள்ளை பெற்றுக்கொள், டி.வி.யைப் போடாதே, டி.வி.யைப் போடு என்று கேட்காமலே ஆலோசனைகள் வந்தன. டாக்டர் காத்திருக்கச் சொன்னார். எனக்கு அதுதான் மிகக் கஷ்டமான மருந்தாக இருந்தது.

வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி, காது கிழிகிற ஸ்பீக்கர். ஹரி என் புடவையைப் பிடித்து இழுத்தான். தெளிவாக, ஒரு எழுத்தும் சிதையாமல் சொன்னான்: "அம்மா, குடை சாயுது."

என் பிள்ளை பேசிய முதல் வாக்கியம் நான் எழுதியது. அழுதேனா சிரித்தேனா என்று நினைவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்புறம், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்ட்டூனில் அப்படித்தானே செய்வார்கள்? கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து, வா என்று கையை நீட்டினான். பாலுவிடம் சொன்னபோது, "அக்கா, வசனத்துக்குன்னு அவங்கிட்டக்க துட்டு கேளு" என்றான்.

அதற்குப் பிறகு மற்ற பேச்சும் மெல்ல மெல்ல வந்தது. ஆனால் சத்தம் தாங்காதபோதும், கூட்டம் நெருக்கும்போதும், அவனால் முடியாதபோதும் அந்த ஒரு வாக்கியம்தான். சொன்னால் யாராவது பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்க மாட்டான். யு.கே.ஜி. மிஸ்ஸும் அந்தக் கார்ட்டூனைப் பார்ப்பவர். "இன்னிக்கி குடை சாயுதுன்னான் மேடம். போயி பக்கத்துல உக்காந்துக்கினேன். சரியாப் பூட்ச்சு" என்று என்னிடம் சொல்வார். எங்கள் ஊரில் இருந்த நன்மை அது. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சுபசெய்தி வந்தது. ஆந்தை சினிமா ஆகிறது. வரைந்த படம் இல்லை, நிஜ மனிதர்களை வைத்து, வெளிநாட்டில், கோடிகளைக் கொட்டி.

பாலு அதற்குள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். மீசை வைத்த, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற ஆள். ஷிப்ட் முடிந்ததும் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய், உலகம் முழுக்க உள்ள ஆந்தை பக்தர்கள் எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுக்கு வருவான்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கலக்கா. மூணே மூணு. குடை இருக்கணும். பறக்கக் கூடாது. சாயறப்ப யாராச்சும் வந்து புடிக்கணும். மத்தத அவங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கட்டும்."

"அவங்க உங்கிட்ட கேட்டாங்களாடா?"

"கேக்கணும். கேட்டுக்கினு எடுத்தாதான் படம் நிக்கும்."

முதல் புகைப்படம் வந்த அன்று அதை அச்சு எடுத்துக்கொண்டு வந்தான். மார்பு அகன்ற ஒரு மனிதர் மழையில் தோல் கோட்டு போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஆந்தை எங்கடா?"

"கோட்டு பட்டன்ல பாருக்கா. ஆந்தை படம் போட்டுக்குது."

"குடை?"

பாலு கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "டைரக்டர் பேட்டி குடுத்துக்கிறாரு. குடை நடைமுறைக்கு ஒத்து வராதாம்."

ஒரு மனிதன் தானே ஆந்தை என்று சொல்லிக்கொண்டு கோபுரம் விட்டுக் கோபுரம் தாவுவது நடைமுறைக்கு ஒத்து வருகிறது. மழையில் அவர் குடை பிடிப்பதுதான் ஒத்து வரவில்லை. அடுத்தடுத்து வந்த செய்திகளில் ஆந்தைக்கு ஒரு காதலி, கொலையான ஒரு அப்பா, பழிவாங்க ஒரு காரணம் எல்லாம் வந்து சேர்ந்தன. பாலு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் துக்கம் அனுசரித்துவிட்டு, மறுநாள், "கடைசில குடை வரும்கா. சஸ்பென்ஸா வெச்சுக்கிறாங்க" என்பான். நான் அவனைக் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவள், தொழிலில் இருப்பவள், இதெல்லாம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவள். இருந்தும் நம்பினேன்.

படம் தமிழ் டப்பிங்குக்கு நம் ஸ்டுடியோவுக்கு வந்தது. படத்தைத் தமிழில் வெளியிட வாங்கியவர் போஸ்டரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். போஸ்டரில் வசனம் முதலிலேயே அச்சாகியிருந்தது. அதைப் படத்தில் எங்காவது வைப்பதுதான் என் வேலை. 'உன் குடை சாஞ்சிடுச்சு!' என்று தீப்பிடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"சார், இதை யார் பேசறாங்க?"

"ஹீரோதாம்மா. வில்லன கோபுரத்து மேலேந்து ஒதச்சு தள்றான் இல்ல, அங்க. தியேட்டரே கிழியும் பாரு."

"அந்த வசனம் அவன் தன்னைப் பத்திச் சொல்றது சார். முடியல, வந்து புடிங்கன்னு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஹீரோவே முடியலன்னா எவம்மா டிக்கெட் வாங்குவான்?"

"சாயுதுங்கறது வேற, சாஞ்சிடுச்சுங்கறது வேற சார்."

"ரெண்டும் ஒரே குடைதானேம்மா."

எல்லா ஊரும் அவர் பக்கம். நான் காஞ்சிபுரத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டோடு வாதாட முடியாது. என் பிள்ளை அந்த வாக்கியத்தை வைத்துத்தான் உதவி கேட்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வீட்டு விஷயத்தை வேலைக்குள் கொண்டுவரக் கூடாது என்று கற்பிக்கப்பட்டவள். அது சரியான பாடம்தானா என்றும் இப்போது தெரியவில்லை. எழுத மாட்டேன் என்று எழுந்துவிட்டால் வேறு ஒருவர் எழுதுவார், இன்னும் மோசமாக எழுதுவார். இந்த வாதத்தை வைத்துக்கொண்டு மனிதர் எதையும் செய்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் ஒரு நாள் இதைச் சொல்லிக்கொள்வீர்கள்.

வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். மேடம் வந்தார்.

"மூஞ்ச ஏன் இப்டி வெச்சுக்கினு கீற? படத்துல முதுக காட்டற எடம் ஒண்ணுகூடவா இல்ல?"

இருந்தது. கடைசிக் காட்சிக்கு முன் கதாநாயகன் கோபுரத்தின் விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்குகிறான். நமக்குத் தெரிவது முதுகு மட்டும். ஆங்கிலத்தில் வெறும் மூச்சுச் சத்தம்தான். அங்கே வைக்கலாம். என் 'குடை சாயுது' தொங்கும் இடத்தில், வாங்கியவருடைய 'சாஞ்சிடுச்சு' உதைக்கும் இடத்தில். பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும். சொல்லப்போனால் முதலில் என்னுடையது வருகிறது. வாங்கியவரும், "போஸ்டர் டயலாக்க தொடாத, மத்ததுல இன்னா வேணா செஞ்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

"முழுசா பாத்துக்கினு வெய்யி" என்றார் மேடம்.

முழுசாகப் பார்க்க முடியவில்லை. கடைசி ரீல் கிராபிக்ஸ் முடியாமல் வந்திருந்தது. கதாநாயகன் தொங்குகிறான், பின்னால் நீலத் துணி, பிறகு கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு, பிறகு உதை. அந்தக் கறுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஆந்தைக் கதையை அத்தனை வருடம் விளையாடியவளுக்கு அதில் என்ன சந்தேகம்? குடை சாய்ந்தால் யாராவது வருவார்கள். குடையே இல்லாத படத்திலும் அதை மட்டுமாவது விட்டுவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லன்களை அதட்டியே பழகியவர். "வீரமா சொல்லணுமா மேடம்?" என்றார்.

"இல்ல சார். கொழந்த கூப்பிடற மாதிரி."

"ஹீரோவா?"

"முதுகுதானே சார் தெரியுது."

சொன்னார். அவ்வளவு பெரிய மனிதருக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வந்ததை நான் மறக்க மாட்டேன்.

டி.வி.யில் விளம்பரம் ஓட ஆரம்பித்தது. அதில் என் வசனம் இல்லை, போஸ்டர் வசனம்தான் இருந்தது. சில நாட்களில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. சறுக்குமரத்தில் ஒருவனைத் தள்ளிவிட்டு, 'உன் குடை சாஞ்சிடுச்சு!' டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு, 'சாஞ்சிடுச்சு!' ஹரி முதலில் அதைத் தவறு என்று நினைத்தான். "சாஞ்சிடுச்சு இல்லடா, சாயுது. சாஞ்சா யாராச்சும் புடிக்கணும்" என்று ஒவ்வொருவனுக்கும் விளக்கினானாம். விளக்கியதில் அவர்களுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு நாள் அவன் சத்தம் தாங்காமல் 'குடை சாயுது' என்று சொல்ல, வகுப்பே சேர்ந்து, 'சாஞ்சிடுச்சு!' என்று கத்தியது. மிஸ் போன் செய்தார்.

அன்று ஹரியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "அவங்க விளம்பரம் பாத்துட்டு தப்பா சொல்றாங்க கண்ணா. படத்துல சரியா வரும். அம்மாதானே எழுதினேன். படம் வந்தா எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

அவன் நாள் எண்ணிக் காத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு நான், ஹரி, பாலு. தியேட்டர் நிறைந்திருந்தது. சத்தத்துக்குப் பயந்து பஞ்சு கொண்டுபோயிருந்தேன். ஹரி வேண்டாம் என்று காதிலிருந்து எடுத்துவிட்டான். சரியாகக் கேட்க வேண்டுமாம். பாலு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டான். "இது வேற ஆந்தைக்கா" என்றான். "நம்ம ஆந்தைக்கு அப்பாவே கெடயாதுக்கா" என்றான். "வாய மூடிக்கினு பாருடா" என்றேன்.

தொங்கும் காட்சி வந்தது. முதுகு. மூச்சு. பிறகு அந்தக் குரல்: "குடை சாயுது."

முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "எங்கடா குடை? வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

தியேட்டர் சிரித்தது. உண்மையில் நல்ல வசனம். நானே எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். படமே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பொய் எழுதியிருக்கிறேன்.

ஹரி சீட்டிலிருந்து இறங்கி நடந்தான். பாத்ரூமுக்கு என்று நினைத்துப் பின்னால் போனேன். அவன் கதவுப் பக்கம் போகவில்லை. நடுவழியில் நேராகத் திரையை நோக்கிப் போனான். திரைக்கு அடியில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். பிடிப்பதற்காக.

அப்போதுதான் எனக்குக் காட்டப்படாத அந்தக் கறுப்புப் பகுதி ஓடியது. கோட்டு கிழிந்து இரும்புச் சிறகுகள் வெளியே வந்தன. கதாநாயகன் யாருடைய உதவியும் இல்லாமல் தானே பறந்து மேலே போனான். ஒருவரும் வரவில்லை. பிறகு உதை. பிறகு, 'உன் குடை சாஞ்சிடுச்சு!' விசில் பறந்தது, காகிதம் பறந்தது. வாங்கியவர் சொன்னபடியே தியேட்டர் கிழிந்தது. ஹரி இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தான். பாலு ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டான்.

வெளியே வந்து பாலுவின் வண்டியில் உட்கார்ந்ததும் ஹரி கேட்டான்: "ஏம்மா யாரும் வர்ல?"

"அவனுக்குத்தான் றெக்கை இருந்துச்சே கண்ணா."

"அப்ப ஏன் கூப்ட்டான்?"

வசனம் எழுதுவது என் தொழில். அவனை மடியில் இறுக்கி உட்காரவைத்து, வண்டியை எடு என்று பாலுவிடம் மட்டும் சொன்னேன்.

படம் நன்றாக ஓடியது. மேடம் போன் செய்து, "முதுகு சீன்ல அந்தாளு கொரலு நல்லா இருந்துது" என்றார். கொஞ்ச நாளில் நான் வேலையை விட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் அதைப் பொறுப்பான முடிவு என்று பாராட்டினார்கள். நான் செய்த எதையும் அதற்கு முன் யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை.

ஹரி இப்போது எல்லாப் பிள்ளைகளையும் போலப் பேசுகிறான். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவுட் ஆனவனைப் பார்த்து, "சாஞ்சிடுச்சுடா!" என்று கத்துகிறான். மிஸ்ஸுக்கு மகிழ்ச்சி. "நல்லா மிங்கிள் ஆவறான் மேடம்" என்கிறார். உறவினர்களுக்கு மகிழ்ச்சி. டாக்டருக்கும் மகிழ்ச்சி. 'குடை சாயுது' என்று அவன் மறுபடி சொல்லவே இல்லை. சத்தம் இப்போதும் அவனுக்குத் தாங்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சட்டையின் காலர் மென்று மென்று ஈரமாக இருக்கும். எல்லாம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. வேறு வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தேன். கையைத் தூக்கு, அம்மா என்று கூப்பிடு, மிஸ் என்று கூப்பிடு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றான். சிறகு இருப்பவன் மாதிரி.

இப்போது இரண்டாம் பாகம் வருகிறதாம். பாலுதான் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னான். உலகம் முழுக்க ரசிகர்கள் போட்ட கூச்சலில் டைரக்டர் இறங்கி வந்துவிட்டாராம். "குடை வருதுக்கா! அவரே சொல்லிட்டாரு!" என்றான். பெண் பார்த்து முடிந்து, அடுத்த மாதம் கல்யாணம். ஆனாலும் அவன் முகத்தில் அந்த ஜெராக்ஸ் கடைப் பையன்தான் தெரிந்தான். ஹரி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். கூட்டிப் போ என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் படம் உங்கள் மேஜைக்குத்தான் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே இத்தனை நேரம் அனுபவசாலியாகப் பேசியவள் இப்போது உங்களிடம் யோசனை கேட்கிறேன். குடை சரியும் இடத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? 'குடை சாயுது' என்று எழுதினால் தியேட்டர் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு விதை போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. வேறு ஏதாவது எழுதினால் என் பிள்ளை அதை உதவி கேட்பதாக அடையாளம் கண்டுகொள்வானா? இரண்டில் எது குறைந்த தவறு? எனக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சரி என்று படுகிறது.

இதற்கு உங்களுக்கும் பதில் தெரியாமல் போகலாம், அது குற்றமில்லை. ஒன்று மட்டும் உங்களால் முடியும். கிராபிக்ஸ் முடியவில்லை, அவசரம், வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று யார் என்ன சொன்னாலும், கடைசி ரீல் முழுசாக வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள். வந்ததும் பாருங்கள். அந்தக் குடை சாயும்போது யாராவது வருகிறார்களா என்று எனக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள். வருகிறார்கள் என்றால் அவனைக் கூட்டிப் போகிறேன். வரவில்லை என்றால், அவனிடம் என்ன சொல்லட்டும்?